கிழிந்த காற்றுப்பை

செய்த குற்றத்தை இல்லவே இல்லை என்று சாதிக்கிறவர்களைப் பட்டாசு ஏராளமாகப் பார்த்திருக்கிறாள். ‘நான்தான் செய்தேன், என்னைப் பிடித்துக்கொண்டு போங்கள்’ என்று ஒருவன் அடம்பிடிக்க, அவனுடைய அக்கா அதை மறுத்துத் துப்பறிவாளரைக் கூப்பிட்டதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

பட்டாசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வாயைத் திறந்தால் சத்தம் என்று ஆபீசுக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் வைத்தது. அவளுடைய பாஸான துப்பறிவாளருக்கும் அவரேதான் பெயர் வைத்தார்: தராசு. ஒரு ‘சரி’ சொல்வதற்குக்கூட அந்த மனிதர் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்ப்பார். அவர் மிச்சம் பிடிக்கிற பேச்சையெல்லாம் பட்டாசு செலவழித்துவிடுவாள் என்பதால் கணக்கு எப்படியோ சரியாகிவிடும்.

மதியம் இரண்டு மணிக்கு அவர்களுடைய பழைய கார் ஓடுதளத்தின் இரும்பு கேட்டைத் தாண்டி நின்றது. வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் கிளம்புகிற இடம். ஒரு மண் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, ஓர் ஆபீஸ் அறை, ஒரு கம்பம். அவ்வளவுதான். இறங்கியதுமே காற்று பட்டாசின் ஸ்கார்பைத் தூக்கி அவள் முகத்திலேயே அடித்தது.

“இறங்கினதும் அறை விழுது பாஸ். சகுனம் நல்லா இல்ல.”

கேட்டருகே பைலட்டின் மனைவி காத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்பது அவள் கையிலிருந்த ஃபிளாஸ்கிலும் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பிலும் தெரிந்தது.

“நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து என் தம்பியைக் கூட்டிட்டுப் போயிடுவார் சார்,” என்றாள். “அதுக்குள்ள நீங்க ஏதாவது செய்யணும். புருஷன் ஒரு கட்டில்ல கிடக்கிறார். தம்பி ஜெயிலுக்குப் போறான். நான் எந்தப் பக்கம் அழறது?”

விஷயம் இதுதான். ஆறு நாட்களுக்கு முன்பு காலையில், தொட்டி நிறைய களைக்கொல்லியோடு கிளம்பிய விமானம் ஓடுபாதை முழுவதும் ஓடியும் எழும்பவில்லை. கடைசியில் ஒரு ஆள் உயரம் எழும்பி, எதிரே இருந்த மரவரிசையில் போய்ச் செருகிக்கொண்டது. மரம் நெருங்கும்போது பைலட் அவசரக் கைப்பிடியை இழுத்துத் தொட்டியிலிருந்த மருந்தையெல்லாம் கொட்டிவிட்டார். பாரம் குறைந்ததால் உயிர் தப்பியது. இரண்டு காலும் ஒரு தோள் எலும்பும் தப்பவில்லை.

அந்தத் தொட்டியில் மருந்தைக் கலந்து ஏற்றுகிறவன் இவளுடைய தம்பி. எல்லோரும் அவனைக் கலவை என்றுதான் கூப்பிடுவார்கள். மறுநாளே அவன், ‘அளவுக்கு மேல் ஏற்றிவிட்டேன், விமானம் எழும்பாததற்கு நானே காரணம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்துவிட்டான். ஏற்றிய மருந்து மண்ணோடு போய்விட்டது. இனி அதை யார் அளந்து பார்ப்பது?

“அவன் ஒரு டம்ளர் பால்ல சர்க்கரை போட்டாக்கூட ஸ்பூனைத் தட்டி அளவு பார்ப்பான் சார்,” என்றாள் அக்கா. “அவனா அதிகமா ஊத்துவான்?”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“கண் முழிச்சு மூணு நாள் ஆச்சு. எதுவுமே ஞாபகம் இல்லைங்கறார். ஆனா அன்னைக்குக் காலைல என்ன மாத்திரை போட்டார்னு நர்ஸ் கேட்டா பேரோட சொல்றார். நான் உள்ளே போனா கண்ணை மூடிக்கறார்.”

தராசு பட்டாசைப் பார்த்தார். மருந்தின் பெயர் ஞாபகம் இருக்கிறவருக்கு மரத்தில் மோதியது ஞாபகம் இல்லையாம். மனைவியைக் கண்டால் கண்ணை மூடுகிற கணவன்மார்கள் உண்டுதான். அதற்கெல்லாம் வேறு காரணம் இருக்கும்.

அக்கா தன் செல்போனை நீட்டினாள். தினமும் முதல் லோடு ஏறி முடிந்ததும் பைலட் தன் சீட்டிலிருந்தபடியே ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவாராம். ‘பார்த்துட்டேன்’ என்று இவள் பதில் போட்ட பிறகுதான் இன்ஜினையே போடுவாராம். அன்றைக்கும் அனுப்பியிருந்தார். இவளும் பார்த்துவிட்டேன் என்று பதில் போட்டிருந்தாள்.

தராசு அந்தப் படத்தைப் பட்டாசின் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அக்காவைத் தங்கள் காரிலேயே உட்காரச் சொன்னார்.

“படத்துல என்ன தெரியுது?” என்றார் நடந்துகொண்டே.

“பல்லு பாஸ். முப்பத்திரண்டும்.”

“மனுஷனை விட்டுட்டுப் பாரு.”

“விமானத்தோட கண்ணாடி, மூடியிருக்கு. வெளியே கலவை லாரி. ஏணில ஒரு துண்டு. தூரத்துல கம்பம். கம்பத்துல ஆரஞ்சுக் கலர்ல துணிப்பை.”

“ம்,” என்றார் தராசு. இன்றைய பேச்சில் பாதி செலவாகிவிட்டது போல.

முதலாளியின் அறை சுத்தமாக இருந்தது. மேஜை, பூட்டிய இரும்பு அலமாரி, ஓடுபாதையைப் பார்த்த பெரிய ஜன்னல். முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். டீ சொன்னார். கலவையின் வாக்குமூலத்தை அவர்கள் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார்.

“நல்ல பையன் சார். கை தவறிடுச்சு. நான் அவன் மேல கோபப்படலை. நல்ல வக்கீலா வச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.”

பட்டாசு சும்மா நிற்க முடியாமல் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த சோதனைச் சான்றிதழை உரக்கப் படித்தாள். “ஓடுபாதை: நல்ல நிலை. தீயணைப்பான்: நல்ல நிலை. காற்றுப்பை: நல்ல நிலை. முதலுதவிப் பெட்டி: நல்ல நிலை. செத்துப்போன மாமியாரைப் பத்தி மருமகள் பேசற மாதிரி எல்லாமே நல்லதா இருக்கே சார்!”

“ரெண்டு மாசம் முன்னாடி வந்த சோதனை,” என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். “அதிகாரிங்க ஒரு குறை சொல்லலை.”

“காற்றுப்பைங்கறது அந்தக் கம்பத்துல தொங்கறதுதானே?” தராசு ஜன்னல் வழியே காட்டினார்.

“ஆமா. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, எவ்வளவு அடிக்குதுன்னு பைலட்டுக்குக் காட்டறது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை சார். டீ ஆறிடும்.”

வெளியே வந்ததும் தராசு நின்றார். “ஒரு விமானமே நொறுங்கிப்போச்சு. அந்த மனுஷனுக்குக் கோபம் வரலை. கவனிச்சியா?”

“என் ஸ்கூட்டர் கண்ணாடியை எதிர்வீட்டுப் பையன் உடைச்சதுக்கு நான் ஒரு வாரம் சாபம் விட்டேன் பாஸ். இவர் மகானா இருக்கணும், இல்லேன்னா வேற என்னவோவா இருக்கணும்.”

மகான்களை அவ்வளவு சுலபமாக நம்புகிற தொழிலில் இருவருமே இல்லை.

ஓடுபாதையின் இந்தக் கோடியில், லோடு ஏற்றும் இடத்தில், கலவை தன் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். தராசு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற வேகத்தில் ஆரம்பித்தான்.

“நான்தான் சார் அதிகமா ஏத்தினேன். தப்பு என்னுது. மாமா மேல எந்தத் தப்பும் இல்லை. வேற யார் மேலயும் இல்லை.”

“எவ்வளவு அதிகம்?”

“வழிய வழிய.”

“எங்கே வழிஞ்சது?”

“இதோ, இங்கேதான் சார். தொட்டி நிறைஞ்சு, மேல மூடி வழியா வழிஞ்சு, கீழே கொட்டிச்சு.”

“அதுக்கு முன்னாடி இங்கே களைக்கொல்லி ஏத்தியிருக்கியா?”

“இல்லை சார், இந்த வருஷத்துக்கு அதுதான் முதல் லோடு. அது வரைக்கும் உரம்தான்.”

தராசு குனிந்து தரையைப் பார்த்தார். பட்டாசும் பார்த்தாள். உரம் சிந்திச் சிந்தி வளர்ந்த புல், முழங்கால் வரைக்கும் பச்சைப்பசேலென்று நின்றது. ஓடுபாதையின் அந்தக் கோடியில், பைலட் மருந்தைக் கொட்டிய இடம் இங்கிருந்தே தெரிந்தது. அங்கே ஒரு துளி பச்சை இல்லை. எல்லாம் வெந்து பழுப்பாகிக் கிடந்தது.

“அங்கே விழுந்த மருந்துக்குப் புல்லு செத்துடுச்சு,” என்றாள் பட்டாசு. “இங்கே விழுந்த அதே மருந்துக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச மாதிரி நிக்குது. ஆளைப் பார்த்துக் கொல்ற மருந்தா தம்பி?”

கலவைக்கு முகம் வெளுத்தது. “நான்... நான் தண்ணி விட்டுக் கழுவிட்டேன்.”

“கழுவினா இன்னும் பரவும்ப்பா. பொய் சொல்லணும்னா கொஞ்சம் பயிற்சி வேணும். எங்க ஆபீஸ் பக்கம் வா, கட்டணம் இல்லாம சொல்லித் தர்றேன்.”

அவன் கண் ஒரு நொடி கம்பத்துக்குப் போய்த் திரும்பியதைப் பட்டாசு பார்த்துவிட்டாள். திருட்டுப் பூனை பால் சட்டியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுமே, அந்த மாதிரி.

இருவரும் கம்பத்தை நோக்கி நடந்தார்கள். கலவை பின்னாலேயே இரண்டடி வந்து, பிறகு நின்றுவிட்டான்.

கம்பத்தின் உச்சியில் தொங்கிய காற்றுப்பை நைந்து வெளுத்து, கீழ்ப்பாதி நார் நாராகக் கிழிந்திருந்தது. ஒரு வருஷ வெயிலாவது அதன் மேல் அடித்திருக்கும்.

பட்டாசு போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். “பாஸ்! படத்துல இருக்கிறது புதுசு. ஆரஞ்சு, ஒரு ஓட்டை இல்லை. இது அரதப் பழசு. ஆறு நாள்ல ஒரு துணி இவ்வளவு கிழவியாகுமா?”

“ஆகாது. யாரோ புதுசை இறக்கிட்டுப் பழசை ஏத்தியிருக்காங்க. எல்லாரும் பழசை எடுத்துட்டுப் புதுசு போடுவாங்க. இங்கே தலைகீழா நடந்திருக்கு.”

“யார்?”

தராசு கம்பத்தில் கயிறு கட்டியிருந்த முடிச்சைக் காட்டினார். இரண்டு வளையம், நடுவில் மிச்ச வாலைச் செருகியிருந்தது. பட்டாசு திரும்பி லாரியைப் பார்த்தாள். அங்கே ரப்பர் குழாய் சுருட்டிக் கட்டியிருந்ததிலும் இரண்டு வளையம், நடுவில் செருகிய வால். ஒரு கை போடுகிற முடிச்சு அந்தக் கையோடு பிறந்தது.

“சரி, இறக்கின புதுசு எங்கே போச்சு?” என்றாள்.

தராசு கொட்டகையின் பின்புறம் போனார். அங்கே வலை போட்ட கூண்டுக்குள் காலி மருந்து டிரம்கள் படுக்கைவசத்தில் அடுக்கியிருந்தன. காலியான டிரம்மை மூன்று முறை கழுவி, அடியில் ஓட்டை போட்டுவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சட்டம். இல்லாவிட்டால் யாராவது அதில் தண்ணீர் பிடித்து வைத்துக் குடித்துத் தொலைப்பார்கள். ஸ்பூனைத் தட்டி அளவு பார்க்கிற கலவை ஓட்டை போடுவதிலும் ஒழுங்குதான். ஒவ்வொரு டிரம்மின் அடியிலும் நட்டநடுவில் ஒரே அளவு ஓட்டை.

“நாற்பத்தொன்பது ஓட்டை,” என்று பட்டாசு எண்ணி முடித்தாள். “டிரம் ஐம்பது.”

ஓட்டை இல்லாத டிரம் கீழ்வரிசையின் ஓரத்தில் இருந்தது. தராசு லாரியிலிருந்து கையுறை எடுத்துவரச் சொல்லி, மூடியைத் திருகி, உள்ளே கைவிட்டு இழுத்தார். ஆரஞ்சுக் கலரில் முழ முழமாக வந்தது.

“பாம்பைப் பிடிக்கறவர் மாதிரி இருக்கீங்க பாஸ். கொடுங்க இங்கே.”

பட்டாசு கையுறையை மாட்டிக்கொண்டு, அதன் வாயிலிருந்த கம்பி வளையத்தைப் பிடித்து உயரத் தூக்கினாள். பளுவாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று அவள் ஸ்கார்பைத் தூக்கி மறுபடி முகத்தில் அறைந்தது.

“அட சனியனே! இதோட ஒரே தொல்லை...” என்று ஸ்கார்பை விலக்கியவள் அப்படியே நின்றாள்.

அவளுடைய ஸ்கார்ப் கழுத்திலிருந்து நேராகப் பறந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே அவள் தூக்கிப் பிடித்திருந்த காற்றுப்பை அசையாமல் தொங்கியது. விருந்துச் சாப்பாடு சாப்பிட்டவன் மாதிரி தூங்கியது.

“பாஸ்,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “இது பொய் சொல்லுது.”

“ஆமா. பெருங்காத்துல கொஞ்சம் தூக்கும். இந்த மாதிரி நடுத்தரக் காத்துல, காத்தே இல்லைன்னு சொல்லும்.” தராசு அதிசயமாக நீளமாகப் பேசினார். “காத்து இல்லேன்னா லோடு ஏத்தின கோடியிலிருந்தே நேராக் கிளம்பிடறது இவங்க வழக்கம். முதுகுப் பக்கம் காத்து இருந்தா, ஊர்ந்து போய் அந்தக் கோடியிலிருந்து திரும்பிக் கிளம்பணும். படத்துல ஏணியில இருக்கிற துண்டைப் பாரு.”

பார்த்தாள். முதலில் பார்த்தபோது ஏணியில் ஒரு துண்டு என்று மட்டும்தான் தெரிந்தது. இப்போது பார்த்தால் அந்தத் துண்டு விமானத்தின் மூக்கு இருக்கும் திசையில் விறைப்பாக நீண்டிருந்தது. பின்னால் தூரத்தில் ஆரஞ்சுப் பை தூங்கியது.

“பைலட் ஏறும்போது காத்து இருந்திருக்காது. லோடு ஏத்தற இருபது நிமிஷத்துல வெயிலோட எழும்பியிருக்கு. மூடின கண்ணாடிக்குள்ள அது எப்படித் தெரியும்? கம்பத்தைப் பார்த்தார். காத்து இல்லைன்னு நம்பினார். நிறை பாரத்தோட, முதுகுல காத்தை வாங்கிட்டு ஓடினார். இறக்கைக்குத் தூக்கற பலம் கிடைக்கிறதுக்குள்ள பாதை முடிஞ்சுபோச்சு.”

பட்டாசுக்கு ரத்தம் கொதித்தது. “அப்போ இது விபத்தே இல்லை! இவன்தான் பறக்காத துணியைக் கட்டியிருக்கான். காரியம் முடிஞ்சதும் இறக்கி ஒளிச்சுவச்சிருக்கான். கொலை முயற்சின்னா வருஷக்கணக்கா உள்ளே போகணும், கை தவறினதுன்னா சீக்கிரம் வந்துடலாம்னு கணக்குப் போட்டுத்தான் அந்தக் கடுதாசி. பால் குடிக்கத் தெரியாத பூனையாம்!”

“துணியைத் திருப்பிப் பாரு.”

திருப்பினாள். உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைத்திருந்தது. ஓரமெல்லாம் மடித்து இரட்டைத் தையல். வளையத்தைச் சுற்றி நூல் பிரியாமலிருக்கக் கையால் நெருக்கிப் பின்னியிருந்தது. கடையில் கொடுத்தால்கூட இவ்வளவு அக்கறையாகத் தைக்க மாட்டார்கள்.

“கொலை பண்ண நினைக்கிறவன் உள்துணி வச்சு ஓரம் அடிச்சுத் தைப்பானா?” என்றார் தராசு. “இது வருஷக்கணக்கா உழைக்கணும்னு ஆசைப்பட்டவங்க தைச்சது.”

பதில் பட்டாசுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவள் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக நினைத்தாள்.

கலவை ஓடிவந்துவிட்டான். அந்தத் துணியைப் பட்டாசின் கையில் பார்த்ததும் டிரம் கூண்டைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா தைச்சது சார்,” என்றான். “பழசு ஒரு வருஷமா கிழிஞ்சு தொங்குது. மாமா முதலாளிகிட்ட கேட்டுக் கேட்டு அலுத்துட்டார். கடைசில முதலாளி லாரி மூடற கித்தான்ல ஒரு துண்டு கொடுத்து, உன் பொண்டாட்டியைத் தைக்கச் சொல்லுன்னார். அக்கா ரெண்டு நாள் உக்காந்து தைச்சா. விபத்துக்கு முந்தின சாயங்காலம் நான்தான் ஏத்திக் கட்டினேன். கனமா இருக்கேன்னு தோணுச்சு. நல்லா உழைக்கும்னு நினைச்சேனே தவிர, வேற ஒண்ணும் நினைக்கலையே...”

“எப்போ தெரிஞ்சது உனக்கு?” தராசு கேட்டார்.

“மாமா மரத்துல மோதினதும் ஓடினேன். காத்து முதுகுல தள்ளிச்சு. திரும்பிக் கம்பத்தைப் பார்த்தேன். அது பாட்டுக்குத் தொங்குது. அப்பவே புரிஞ்சுபோச்சு.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “மாமாவுக்கும் தெரியும். கண் முழிச்சதும் முதல்ல எங்கிட்ட சொன்னதே, ‘அவகிட்ட சொல்லிடாதே மாப்ளே, செத்துப்போயிடுவா’ன்னுதான். சார், நான் ரெண்டு வருஷம் உள்ளே இருந்துட்டு வந்துடுவேன். அக்காவால இதைத் தாங்க முடியாது சார். உங்க காலைப் பிடிக்கிறேன்.”

பட்டாசு தராசைப் பார்த்தாள். “பாஸ், பேசாம இதைத் திரும்ப அந்த டிரம்லயே போட்டுடலாம். நான் எதையும் பார்க்கலை. எனக்குக் கண்ணுல தூசி.”

“அந்தம்மா நம்மைக் கூப்பிட்டது தம்பியைக் காப்பாத்த. இதை மறைச்சா அவன் போவான். சொன்னா அவங்க உடைஞ்சுபோவாங்க.” தராசு இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்தார். பட்டாசு அவரோடு வேலை செய்த ஆறு வருஷத்தில் அந்தத் தராசு முள் இவ்வளவு நேரம் ஆடி அவள் பார்த்ததில்லை.

முள் நிற்பதற்குள் பின்னாலிருந்து குரல் கேட்டது.

“அது ஏன் இங்கே இருக்கு? கம்பத்துல இல்ல இருக்கணும்?”

காரில் காத்திருந்து பொறுக்காமல் அக்கா நடந்து வந்திருந்தாள். அவள் பட்டாசின் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். பட்டாசின் கழுத்தில் படபடத்துக்கொண்டிருந்த ஸ்கார்பைப் பார்த்தாள். மறுபடியும் துணியைப் பார்த்தாள். பட்டாசு அவசரமாகக் கையைத் தாழ்த்தினாள். அந்த அவசரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அக்கா கத்தவில்லை. நேராகத் தம்பியிடம் போய் அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அடுத்த நொடி அவனைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்குவதைப் பார்க்க முடியாமல் பட்டாசு ஓட்டை போட்ட டிரம்களை மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லோரும் முதலாளியின் அறையில் கூடினார்கள். அக்கா யாரையும் பேசவிடவில்லை.

“இவன் எழுதினது பொய். நான் தைச்ச துணிதான் காரணம். எழுதிக்கோங்க சார், நான் கையெழுத்துப் போடறேன்,” என்று ஆரஞ்சுத் துணியை மேஜையில் வைத்தாள்.

தராசு புல்லிலிருந்து ஆரம்பித்துப் போட்டோவில் இருந்த துண்டு வரைக்கும் சுருக்கமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். முதலாளிதான் முதலில் பேசினார்.

“அடப்பாவமே! யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு? பாவம், நல்ல மனசோடதான் தைச்சிருக்காங்க. இதுல யாரைக் குத்தம் சொல்றது? விதி!”

“விதியை விடுங்க,” என்றார் தராசு. “ரெண்டு மாசம் முன்னாடி சோதனை நடந்திருக்கு. பழைய காற்றுப்பை ஒரு வருஷமா கிழிஞ்சு தொங்குது. ஆனா சான்றிதழ்ல ‘காற்றுப்பை: நல்ல நிலை’ன்னு போட்டிருக்கு. அன்னைக்கு நல்ல நிலையில இருந்தது எது சார்?”

முதலாளி கைக்குட்டையைத் தேடினார்.

“கம்பத்துல ஏத்தறது நீதானே, கலவை? நீ சொல்லு.”

கலவை முதலாளியைப் பார்க்காமல் சொன்னான். “சோதனை அன்னைக்கு முதலாளி ஒரு புதுசைக் கொடுத்தார். அதிகாரிங்க ஜீப் கேட்டைத் தாண்டினதும் இறக்கி வாங்கி வச்சுக்கிட்டார். தினமும் வெயில்ல கிடந்தா வீணாப்போகுமாம். வருஷா வருஷம் அப்படித்தான்.”

“விருந்தாளி வந்தா மட்டும் எடுக்கற கண்ணாடி டம்ளரா அது!” பட்டாசு இரும்பு அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். “சாவி சார்?”

இன்ஸ்பெக்டரும் கையை நீட்டினார். முதலாளி சாவியைக் கொடுத்தார்.

மேல்தட்டில், ஃபைல்களுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். மடிப்புக் கலையாத காற்றுப்பை. கூடவே ஒரு அச்சடித்த தாள். தராசு அதை வாங்கிப் படித்தார்.

“‘மெல்லிய துணியால் மட்டுமே மாற்றவும். கனத்த துணி குறைந்த காற்றைக் காட்டாது.’ இந்த வரிக்குக் கீழே பேனாவால கோடு போட்டிருக்கே. உங்க பேனாதானே சார்?” அவர் ஜன்னலைக் காட்டினார். “கம்பம் இங்கிருந்து நேராத் தெரியுது. புதுசு போய்ப் பழசு ஏறினதை ஆறு நாளா பார்த்துட்டுத்தான் இருந்தீங்க. ஏன் மாறிச்சுன்னும் புரிஞ்சிருக்கும். அதனாலதான் இந்தப் பையனோட கடுதாசி கிடைச்சதும் கோபம் வரலை. நிம்மதி வந்தது.”

இன்ஸ்பெக்டர் கலவையின் வாக்குமூலத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “பொய் எழுதினதுக்கு உனக்குத் திட்டு இருக்கு தம்பி, அப்புறமா வந்து வாங்கிக்கோ,” என்றார். பிறகு முதலாளியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். “நீங்க சொல்லுங்க. முதல்லேர்ந்து.”

அக்கா அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். துணியை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஜன்னல் வழியாக வந்த கொஞ்சக் காற்றுக்கே அது அவள் கையிலிருந்து எழும்பியது.

“இவ்வளவு மெல்லிசாவா?” என்றாள். “நான் கிழியக்கூடாதுன்னு உள்துணி வேற வச்சேனே. கித்தானைக் கொடுத்தனுப்பறப்போ, மெல்லிசா இருக்கணும்மான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்கிட்ட இருக்கற நல்ல துணியைக் கிழிச்சுத் தைச்சிருப்பேனே சார். ஒரு வார்த்தைதானே?”

முதலாளி தரையைப் பார்த்தார். பட்டாசுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையை எடுத்து மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

அக்கா துணியை மேஜையில் வைத்துவிட்டு, ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டாள். தராசிடம் வந்து நின்றாள். “என் தம்பியைக் காப்பாத்திக் கொடுத்துட்டீங்க. நல்லா இருப்பீங்க,” என்றாள். வாசலில் நின்று திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

“வாடா. மாமாகிட்ட போய், அவளுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நீயே சொல்லு. அப்புறம் நான் அழுவேன். எவ்வளவு நேரமானாலும் அழுவேன். என்னைச் சமாதானப்படுத்தறேன்னு நீங்க ரெண்டு பேரும் அப்போ ஒரு பொய் சொன்னீங்கன்னா, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”